பழைய பிஎஸ்2 திடீர்னு ஆஃப் ஆயிடுச்சா, எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கணும்

நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுன பிஎஸ்2 (சோனியோட பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல்), இன்னிக்கு காலைல பட்டன அமுக்குனா ஒண்ணுமே இல்ல, லைட்டும் இல்ல சத்தமும் இல்ல. இந்த நெலமைல எல்லாரும் மொதல்ல பண்றது ஸ்க்ரூ டிரைவர எடுத்து கழட்டுறதுதான். தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. சேலத்துல எங்க வீட்டுலயும் தெரிஞ்சவங்க வீட்டுலயும் சேத்து நான் இதுவரைக்கும் கைல எடுத்த கன்சோல்ல, திடீர்னு செத்ததுல பாதிக்கு மேல பிரச்சனை கன்சோலுக்கு வெளிய இல்லன்னா கரண்ட் உள்ள நுழையுற வாசல்லதான் இருந்துச்சு. அத விட்டுட்டு நேரா உள்ள போயி லென்ஸ மாத்தி, சிப்ப சூடு பண்ணி, நல்லா இருந்ததையும் கெடுத்து கொண்டு வந்தவங்கதான் அதிகம்.

2000-ல வந்த மெஷின் இது, 15 கோடிக்கு மேல வித்துச்சு, 2013-லயே தயாரிக்கிறத நிறுத்திட்டாங்க. அதனால இப்ப உங்க கைல இருக்குறது எதுவா இருந்தாலும் வயசானதுதான், ஸ்பேரும் பழசுலருந்துதான் கெடைக்கும், ஒவ்வொண்ணா பொறுமையா பாத்தா காப்பாத்திடலாம்.

மொதல்ல ஒரு பேப்பர் எடுத்து, செத்தப்ப என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. வெளையாடிட்டிருக்கும்போதே நின்னுச்சா, இல்ல ஆஃப் பண்ணி வெச்சுட்டு மறுநாள் போட்டப்ப வரலயா? அன்னிக்கு கரண்ட் போயி போயி வந்துச்சா, இடி இடிச்சுதா? "டிக்"னு சத்தம் வந்துச்சா, வாடை வந்துச்சா, வந்துச்சுன்னா கருகுன பிளாஸ்டிக் வாடையா இல்ல அழுகுன மீன் மாதிரி வாடையா (கெப்பாசிட்டர் கசிஞ்சா அப்படித்தான் வரும்)? முன்னாடி யாராச்சும் கழட்டியிருக்காங்களா, சிப் (காப்பி டிஸ்க் ஓடுறதுக்காக உள்ள ஒட்டுறது) போட்டதா? நம்ம ஊர்ல ஒரு காலத்துல வித்ததுல சிப் போட்டதுதான் அதிகம், அந்த மெல்லிசான வயர்ல ஒண்ணு விட்டுப்போனாலே கன்சோல் செத்த மாதிரி நடிக்கும். இத எழுதி வெச்சா பாதி வேல முடிஞ்சுது, ஏன்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு நாலு விஷயத்த மாத்திப் பாத்ததுக்கு அப்புறம் மொதல்ல என்ன ஆச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது மெமரி கார்ட உருவி ஒரு டப்பாவுல போட்டு வெச்சிடுங்க. 8 எம்பி கார்டுல இருக்குற சேவ் எல்லாம் கரண்ட் இல்லாமலே இருக்கும், கன்சோல் செத்ததால சேவ் போயிடாது, பயப்படாதீங்க. ஆனா கெட்டுப்போன கன்சோல திரும்பத் திரும்ப ஆன் ஆஃப் பண்றப்ப கார்டு உள்ளயே இருந்தா அதுக்கும் ஏதாச்சும் ஆகலாம். சின்ன வயசுல அண்ணன் தங்கச்சியோட சேந்து வெளையாடுன சேவ் அதுல இருக்கும், கன்சோல் வேற வாங்கிக்கலாம், அத எங்க போயி வாங்குறது.

இப்ப லைட்ட பாருங்க. பிஎஸ்2-ல ஸ்டாண்ட்பைல (கரண்ட் இருக்கு, இன்னும் ஆன் பண்ணல) சிவப்பு, ஆன் ஆனா பச்ச. இந்த ஒரு லைட்டுதான் உங்களுக்கு வழி காட்டும். லைட்டே இல்லையா, சிவப்பு இருக்கு பச்ச ஆகலையா, பச்ச வந்து உடனே போயிடுதா, பச்ச நிக்குது ஆனா டிவில ஒண்ணும் இல்லையா, எல்லாம் வருது டிஸ்க் மட்டும் ஓடலையா. ஒவ்வொண்ணும் வேற வேற எடம்.

லைட்டே இல்லன்னா

செவத்துலருந்து ஆரம்பிங்க. அதே பிளக் பாயிண்ட்ல ஃபோன் சார்ஜர போட்டு பாருங்க, அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ விட்டுட்டு நேரா செவத்துல போடுங்க. ஃபேட்டா இருந்தா (மொதல்ல வந்த தடிமனான மாடல், அப்புறம் வந்த மெல்லிசான மாடல்தான் ஸ்லிம்) பின்னாடி ஒரு மெயின் சுவிட்ச் இருக்கு, வீடு பெருக்குறப்ப அது ஆஃப் ஆயிருந்து, அது தெரியாம கடைக்கு தூக்கிட்டு வந்தவங்கள பாத்திருக்கேன். ஃபேட்டுக்கு வர்ற பவர் கார்டு ரெண்டு ஓட்டை இருக்குற சாதாரண எட்டு வடிவ கார்டுதான், பழைய டேப் ரெக்கார்டர்ல இருக்கும், அத மாத்தி போட்டு பாக்க காசு செலவே இல்ல.

வெளிநாட்டுலருந்து வந்த ஃபேட்டா இருந்தா அடியில லேபிள படிங்க. துபாய், சிங்கப்பூர்லருந்து வந்ததுன்னா பிரச்சனை இல்ல. அமெரிக்கா மாடல்னா 120 வோல்ட், ஜப்பான்னா 100 வோல்ட். கன்வெர்ட்டர் இல்லாம நம்ம 230-ல நேரா போட்டிருந்தா கத அங்கயே முடிஞ்சுது, பெரும்பாலும் பவர் சப்ளை போர்டுலதான் அடி வாங்கியிருக்கும், மொதல்ல அத பாருங்க.

ஸ்லிம் வேற கத, இதுல நெறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மாடல் நம்பர்ல, 2004-ல வந்த 70000 சீரிஸ்லருந்து 79000 வரைக்கும் அடாப்டர் வெளிய தனியா இருக்கும், 8.5 வோல்ட். கடைசியா வந்த 90000 சீரிஸ்ல மட்டும் பவர் சப்ளை உள்ளயே இருக்கு. 8.5 வோல்ட்ங்கறது எல்லா எடத்துலயும் கெடைக்கிற அளவு இல்ல, 9 வோல்ட், 12 வோல்ட் அடாப்டர்தான் கடைல தொங்கும், அங்கதான் ஆபத்து.

ஏற்காட்டுல காபி எஸ்டேட் பக்கம் எங்க சித்தி வீடு. அங்க ஏப்ரல் மே மாசத்துல சாயங்காலம் ஆனா இடி மழைதான். அப்படி ஒரு நாள் பக்கத்துலயே எங்கயோ இடி விழுந்து, டிவி, கேபிள் பாக்ஸ், பிஎஸ்2 ஸ்லிம்னு எல்லாம் ஒண்ணா போச்சு. தம்பி அடாப்டர மட்டும் எடுத்துட்டு ஒரு கடைக்கு போயிருக்கான், கடைக்காரர் அது போயிடுச்சுன்னு சொல்லி, பழைய வயரோட முனைய வெட்டி வேற ஒரு அடாப்டர்ல ஒட்டி குடுத்திருக்காரு. வந்து போட்டிருக்கான், "டிக்"னு ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். மறுநாள் மொத்தத்தையும் ஒரு பையில போட்டு பஸ்ல கீழ கொண்டு வந்துட்டான்.

"அண்ணா, அடாப்டர் புதுசுதான், அதுல லைட்டு எரியுது, அப்ப கன்சோல் போர்டுதான் போச்சா?"ன்னு கேட்டான்.

அடாப்டர்ல லைட்டு எரியுறத வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. 300 ரூவாக்குள்ள கெடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் போதும், டிசி 20 வோல்ட்ல வெச்சு அளக்கணும். பழைய அடாப்டர் லேபிள்ல ஒரு வட்டம் போட்டு உள்ள எது, வெளிய எது, பிளஸ் மைனஸ்னு படம் இருக்கும், அதுல பிளஸ் போட்ட எடத்துல செவப்பு முனை, மைனஸ் போட்ட எடத்துல கருப்பு முனை. அந்த புது அடாப்டர அப்படி வெச்சு பாத்தேன். மீட்டர்ல 8.6. தம்பி பாத்துட்டு சரியாத்தானே இருக்குன்னான். 8-க்கு முன்னாடி ஒரு குட்டி கோடு இருந்துச்சு, அத அவன் கவனிக்கல. அந்த கோடுதான் மொத்த விஷயமும், மைனஸ் 8.6. வயர ஒட்டுனப்ப பிளஸ்ஸயும் மைனஸயும் மாத்தி ஒட்டியிருக்காங்க. இடில செத்தது அடாப்டர் மட்டும்தான், கன்சோல்ல அடி விழுந்தது அதுக்கு அப்புறம்.

இதனாலதான் சொல்றேன், அடாப்டர எந்த கடைல யார் ஒட்டி குடுத்தாலும் கன்சோல்ல சொருகுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்திடுங்க. வோல்ட் சரியா, கோடு இருக்கா இல்லையா, ரெண்டும் பாருங்க. ஆம்ப்பும் முக்கியம், பழைய அடாப்டர்ல போட்டிருக்குற ஆம்ப்ப விட கொறஞ்சு வாங்கக்கூடாது, கூட இருந்தா பரவால்ல. இன்னொண்ணு, பழைய அடாப்டர் சும்மா அளக்குறப்ப 8.5 காட்டும், ஆனா கன்சோல் இழுக்க ஆரம்பிச்சதும் கீழ விழுந்துடும், உள்ள கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்கும். அப்படி இருந்தா சிவப்பு லைட்டு வரும், ஆன் பண்ணா உடனே செத்துடும். அளவு சரியா இருந்தும் சந்தேகமா இருந்தா, தெரிஞ்சவங்க கிட்ட நல்லா ஓடுற ஸ்லிம்மோட அடாப்டர அஞ்சு நிமிஷம் வாங்கிப் போட்டு பாருங்க, அதவிட நல்ல டெஸ்ட் கெடையாது.

அடாப்டர் சரி, அப்பவும் லைட்டு இல்லன்னா இப்பதான் திறக்கலாம். டிசி சாக்கெட்டுக்கு பக்கத்துல போர்டுல குட்டி குட்டியா ஃபியூஸ் இருக்கும், பக்கத்துல பிஎஸ்னு எழுதி ஒரு நம்பர் இருக்கும். கன்சோல் பேருன்னு நெனச்சுடாதீங்க, ஃபியூஸுக்குத்தான் அந்த எழுத்து. கரண்ட எடுத்துட்டு, மீட்டர பீப் சத்தம் வர்ற எடத்துல வெச்சு ஃபியூஸோட ரெண்டு பக்கமும் தொடுங்க, பீப் வந்தா நல்லா இருக்கு, வரலன்னா போயிடுச்சு. கண்ணால பாத்து தெரியாது. எனக்கு இந்த வேலைக்கு செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறை வெச்சிருக்குற பெரியப்பா கண்ணுல மாட்டுற லென்ஸ குடுத்தாரு. அவரும் குனிஞ்சு பாத்துட்டு, "என்னப்பா இது, எங்க கொலுசு முத்துல பாதி கூட இல்ல, இதுக்குள்ளயா கம்பி இருக்கு"ன்னு கேட்டாரு. ஆமா, அவ்வளவு சின்னது.

ஃபியூஸ் போயிருக்குன்னு தெரிஞ்ச உடனே கம்பிய வெச்சு ஒட்டிடாதீங்க, எவ்வளவு கெஞ்சினாலும் அத மட்டும் செய்யாதீங்க. ஃபியூஸ் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் போயிருக்கு. ஃபியூஸுக்கு அந்தப் பக்கத்துலருந்து கிரவுண்டுக்கு (அந்த பெரிய உலோக தகடு) மீட்டர வெச்சு பாருங்க. தொடர்ந்து பீப் அடிச்சா உள்ள எங்கயோ ஷார்ட், புது ஃபியூஸ் போட்டாலும் போயிடும், கம்பி வெச்சிருந்தா போர்டே கருகும். பீப் வரலன்னா அதே ஆம்ப் இருக்குற ஃபியூஸ் போடலாம். தம்பியோட போர்டுல ஷார்ட் இல்ல, ஃபியூஸ் முன்னாடி போயி நின்னதால உள்ள எல்லாம் தப்பிச்சுது. ஒரே ஒரு ஃபியூஸ், கூட சரியான ஒரு அடாப்டர், செலவு அவ்வளவுதான். இதையே போர்டு போச்சுன்னு தூக்கி போட்டிருப்பான்.

இடி விழுந்த கேஸ்ல இன்னொரு விஷயம், இடி கரண்ட் லைன்ல மட்டும் வராது, கேபிள் வயர் வழியா டிவிக்குள்ள வந்து, அங்கிருந்து ஏவி கேபிள் (மஞ்சள் செவப்பு வெள்ளை முனை இருக்குறது) வழியா கன்சோலுக்கும் வரும். அதனால ஆன் ஆனதுக்கு அப்புறம் படம், சத்தம் ரெண்டும் சரியா வருதான்னு தனியா பாக்கணும்.

ஃபேட்ட திறக்குறதுக்கு முன்னாடி

இது ரொம்ப முக்கியம், நிதானமா படிங்க. ஃபேட்லயும் 90000 ஸ்லிம்லயும் பவர் சப்ளை உள்ளயே இருக்கு. அதுல ஒரு பெரிய உருண்ட கெப்பாசிட்டர் இருக்கும், நம்ம 230 வோல்ட் உள்ள போயி டிசியா மாறுறப்ப சுமார் 325 வோல்ட் ஆகும், அது அந்த கெப்பாசிட்டர்ல நிக்கும். பிளக்க உருவுனதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கும், பவர் சப்ளை கெட்டிருந்தா இன்னும் அதிக நேரம் நிக்கும். பிளக்க உருவிட்டு பத்து நிமிஷம் விடுங்க, திறந்த உடனே அந்த கெப்பாசிட்டர் ரெண்டு காலையும் மீட்டர்ல, டிசி பெரிய ரேஞ்சுல வெச்சு அளங்க, சில வோல்ட்டுக்கு கீழ வந்ததுக்கு அப்புறம்தான் கை வைக்கணும். இதுல தைரியம் இல்லன்னா கூச்சப்படாம டிவி மெக்கானிக் கிட்ட குடுங்க. வீட்டுல சின்ன பசங்க பக்கத்துல இருந்தா திறக்கவே வேணாம்.

அடியில ரப்பர் மூடிய எடுத்தா எட்டு ஸ்க்ரூ, இல்லன்னா மாடல பொறுத்து பத்து. மூடிய மேல தூக்குறப்ப மெதுவா, முன்னாடி இருக்குற ரீசெட் பட்டன்லருந்து ஒரு மெல்லிசான பட்ட வயர் போர்டுக்கு போகும், அத கிழிச்சுட்டா புது பிரச்சனை.

பவர் சப்ளைல கண்ணாடி ஃபியூஸ் ஒண்ணு இருக்கும். அது கருப்பா கருகியிருந்தா பெரிய ஷார்ட், கம்பி மட்டும் லேசா அறுந்திருந்தா வயசாலயோ ஒரு தடவ வந்த அதிக வோல்ட்டாலயோ போயிருக்கலாம். கெப்பாசிட்டர் தலைய பாருங்க, தட்டையா இருக்கணும், மேடா உப்பியிருந்தா மாத்தணும். அப்புறம் பூச்சி. இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா நம்ம ஊர்ல இதுதான் நெஜம். கன்சோல் கதகதன்னு இருக்கும், கரப்பான், எறும்பு, பல்லி எல்லாம் பின்னாடி ஓட்ட வழியா உள்ள போயி தங்கும். அம்மாபேட்டைலருந்து ஒரு ஃபேட் வந்துச்சு, ராத்திரி "பட்"னு சத்தம் கேட்டு செத்துச்சுன்னாங்க. திறந்தா பவர் சப்ளை போர்டு மேல ஒரு சின்ன பல்லி, முன்னங்கால் ஒரு கம்பி முனைல, வால் பக்கத்து முனைல, அப்படியே காஞ்சு ஒட்டியிருந்துச்சு. அத எடுத்து, கரிய ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ல தேச்சு எடுத்து, ஃபியூஸ மாத்துனேன், ஓடுச்சு.

ஃபியூஸ் மாத்துனதுக்கு அப்புறம் நேரா செவத்துல சொருகாதீங்க. பழைய டிவி மெக்கானிக் எல்லார்கிட்டயும் சீரீஸ் போர்டு இருக்கும், ஒரு குண்டு பல்பு வழியா கரண்ட் போற மாதிரி செஞ்சிருப்பாங்க. அதுல போட்டு பாருங்க. பல்பு ஒரு தடவ மின்னி அடங்குனா நல்ல அறிகுறி. முழு வெளிச்சமா நின்னு எரிஞ்சா இன்னும் ஷார்ட் இருக்கு, உடனே உருவிடுங்க. அந்த பல்பு இல்லாம போட்டிருந்தா புது ஃபியூஸும் கூட ரெண்டு பார்ட்ஸும் போயிருக்கும். எல்ஈடி பல்பு இதுக்கு ஆகாது, பழைய குண்டு பல்புதான் வேணும்.

சிவப்பு இருக்கு, பச்ச ஆகல

இது பெரும்பாலும் பட்டன் விவகாரம். பட்டன் உள்ள இருக்குற பட்ட வயர் கழண்டிருக்கும், இல்ல முனைல பச்சையா வெள்ளையா பூத்திருக்கும். ஏற்காடு மாதிரி 1500 மீட்டர் உயரத்துல, வருஷத்துல பாதி நாள் வீட்டுக்குள்ள பனி வர்ற எடத்துல இது ரொம்ப சகஜம். வயர உருவி முனைய ஆல்கஹால் தொட்டு தொடச்சு திரும்ப சொருகுங்க. சொருகுற எடத்துல சின்ன பூட்டு மாதிரி இருந்தா அத மேல தூக்கிட்டுதான் உருவணும், இழுத்தா ஒடையும். கன்சோல் சிப் போட்டதா இருந்தா இங்க கொஞ்சம் நிறுத்தி, சிப்லருந்து போற ஒவ்வொரு வயரையும் லென்ஸ்ல பாருங்க, ஒண்ணு விட்டிருக்கலாம், இல்ல ரெண்டு கால ஒண்ணா தொட்டுட்டு நிக்கலாம்.

பச்ச வருது, கொஞ்ச நேரத்துல போயிடுது

எவ்வளவு நேரத்துல போகுதுன்னு கடிகாரத்த பாத்து எழுதுங்க. ஒரு நொடில போனா ஷார்ட், இல்ல முன்ன சொன்ன மாதிரி காஞ்சு போன அடாப்டர். பத்து இருவது நிமிஷம் ஓடி போனா சூடு. சேலத்துல குகை, அம்மாபேட்டை பக்கம் தறி இருக்குற வீட்டுக்காரங்களுக்கு நான் தனியா சொல்லணும், எங்க வீட்டுலயும் தறி ஓடுச்சு, காத்துல பறக்குற பஞ்சு எல்லாம் கன்சோல் ஃபேன் போயி இழுத்து உள்ள வெச்சுக்கும். எங்க ஃபேட்ட திறந்தப்ப ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் (சிப்போட சூட்ட இழுக்குற உலோக துண்டு) நடுவுல பஞ்சு தலகாணி உறை மாதிரி ஒரே தகடா வந்துச்சு, முழுசா ஒரே துண்டா உரிச்சு எடுத்தேன். மே மாசம் சேலம் வெயில்ல, தகர கூரைக்கு கீழ, இதுவும் சேந்தா எந்த மெஷின் தாங்கும். ஃபேன் றெக்கைய வெரலால சுத்தி பாருங்க, ஈஸியா சுத்தணும். ஊதுறப்ப றெக்கைய வெரலால புடிச்சுக்கோங்க, வேகமா சுத்த விடாதீங்க.

பச்ச நிக்குது, டிவில ஒண்ணும் இல்ல

மொதல்ல சத்தம் வருதான்னு கேளுங்க. ஆன் பண்ணதும் வர்ற அந்த பழக்கமான சத்தம் கேட்டா கன்சோல் உயிரோடதான் இருக்கு, படம் போற வழிலதான் பிரச்சனை. மஞ்சள் செவப்பு வெள்ளை கேபிள மாத்தி பாருங்க. புது எல்ஈடி டிவி சிலதுல ஏவிக்கும் கம்போனன்ட்டுக்கும் ஒரே ஓட்டைய வெச்சிருப்பாங்க, மெனுல தப்பா தேர்ந்தெடுத்திருந்தா கருப்பு வெள்ளையா வரும் இல்ல ஒண்ணுமே வராது, அதுக்கு கன்சோல குத்தம் சொல்லக்கூடாது. பழைய குண்டு டிவி யார் வீட்டுலயாச்சும் இருந்தா அதுல போட்டு பாத்துடுங்க. சத்தமும் இல்ல, டிஸ்க் சுத்துற சத்தமும் இல்லன்னா போர்டுல பெரிய பிரச்சனை, அது வீட்டுல பண்ற வேல இல்ல.

ஒவ்வொரு தடவையும் மொழி, தேதி கேக்குதுன்னா அது கெட்டுப்போனதே இல்ல, உள்ள இருக்குற சிஆர்2032 பட்டன் பேட்டரி தீந்துடுச்சு, அவ்வளவுதான்.

டிஸ்க் மட்டும் ஓடல

லென்ஸ் மாத்தணும்னு உடனே முடிவு பண்ணாதீங்க. ஸ்லிம்ல மேல் மூடிக்கு கீழ சின்ன சுவிட்ச் இருக்கு, மூடி மூடியிருக்குன்னு கன்சோலுக்கு சொல்றது அதுதான். அதுல பஞ்சோ சர்க்கரைத் தண்ணியோ ஒட்டி அமுங்காம நின்னா டிஸ்க் சுத்தவே சுத்தாது. ஒரு குச்சியால ரெண்டு மூணு தடவ அமுக்கி பாருங்க, "டிக் டிக்"னு திரும்பி வரணும்.

டிஸ்க் சுத்துது, ஆனா படிக்கலன்னா எந்த டிஸ்க்க படிக்கிது, எத படிக்கலன்னு பிரிச்சு பாக்கணும். லென்ஸ் யூனிட்ல சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு ஒரு லேசர், தனித்தனி. பழைய பிஎஸ்1 கருப்பு டிஸ்க், பாட்டு சிடி, அடி நீலமா இருக்குற பிஎஸ்2 சிடி இதெல்லாம் ஓடுது, வெள்ளி டிவிடி மட்டும் ஓடலன்னா டிவிடி லேசர் பலவீனமாயிடுச்சு. ரெண்டுமே ஓடலன்னா லென்ஸ் அழுக்கு, இல்ல லென்ஸ் யூனிட்டுக்கு வர்ற பட்ட வயர். சாதாரண டிவிடி ஓடி, ரெண்டு லேயர் இருக்குற பெரிய கேம் மட்டும் நடுவுல நின்னா லேசர் கடைசி கட்டத்துல இருக்குன்னு அர்த்தம். காப்பி போட்ட டிஸ்க் ஓடலன்னு மட்டும் வெச்சு கன்சோல சந்தேகப்படாதீங்க, டிஸ்க்கே கெட்டிருக்கும், ஒரிஜினல் ஒண்ண யார்கிட்டயாச்சும் வாங்கி போட்டு பாருங்க.

தொடைக்கிறது, காது குடையுற பஞ்சு குச்சில ஒரே ஒரு சொட்டு ஐசோபுரோபைல், அமுக்காம நடுவுலருந்து வெளிய. எச்சி, தண்ணி, சட்டைத்துணி வேணாம். லென்ஸ் ஓடுற கம்பில பழைய கிரீஸ் கெட்டியாயிருந்தா தொடச்சுட்டு புதுசு கொஞ்சமா தடவுங்க, தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, ஏற்காடு குளிர்ல அது ஒறைஞ்சு நிக்கும். லென்ஸ் யூனிட்ல இருக்குற குட்டி ஸ்க்ரூவ திருப்பி லேசர் பவர ஏத்துறத வீடியோல காட்டுவாங்க, ஒரு மாசம் நல்லா ஓடும், அப்புறம் லேசர் மொத்தமா போயிடும், நான் அத யாருக்கும் சொல்ல மாட்டேன்.

70000 ஸ்லிம்ல அதிகமா வர்ற ஒரு வியாதி இருக்கு, சிப் போட்டதுல இன்னும் அதிகம். லென்ஸ் அசைக்கிற சின்ன காயில்ல தேவைக்கு மேல கரண்ட் போயி அது கருகிடும், லென்ஸ் மேல ஒட்டிக்கிட்டு நிக்கும், லேசா வாடையும் வரும். அப்படி இருந்தா புது லென்ஸ் யூனிட் போட்டு உடனே ஆன் பண்ணிடாதீங்க, அதையும் கருக்கிடும். காயில ஓட்டுற ஐசிய மொதல்ல பாக்க வெக்கணும்.

மலையிலருந்து கீழ கொண்டு வர்றவங்களுக்கு ஒண்ணு. ஏற்காட்டுல பனிக்குள்ள சில்லுன்னு இருந்த கன்சோல, இருவது கொண்டை ஊசி வளைவு எறங்கி ஒரு மணி நேரத்துல சேலம் சூட்டுக்குள்ள கொண்டு வந்து உடனே ஆன் பண்ணாதீங்க. சில்லுன்னு இருக்குற லென்ஸ் மேலயும் போர்டு மேலயும் ஈரம் பூக்கும், டிஸ்க் படிக்காது, சில நேரம் ஷார்ட்டும் ஆகும். பைய விட்டு வெளிய எடுத்து ரெண்டு மூணு மணி நேரம் சும்மா வெச்சுட்டு அப்புறம் போடுங்க. தம்பி கொண்டு வந்த அன்னிக்கும் நான் மொதல்ல பண்ணது இதுதான், சாப்பிட்டுட்டு வந்துதான் கைலயே எடுத்தேன்.

வேற பழைய கன்சோல் வெச்சிருக்குறவங்களும் இதே வரிசைல பாக்கலாம், செவுறு, அடாப்டர், ஃபியூஸ், சூடு, அப்புறம்தான் உள்ள. எக்ஸ்பாக்ஸ் 360-ல வட்டத்துல மூணு செவப்பு லைட்டு வந்தா, பிஎஸ்3-ல மஞ்சள் லைட்டு வந்து செத்தா, அது வேற ரகம். 360-க்கு மைக்ரோசாஃப்ட்டே 2007-ல வாரண்டிய 3 வருஷமா நீட்டி 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்க வேண்டி வந்துச்சு. அதுக்கு ஹேர் டிரையர், ஹீட் கன், அடுப்புன்னு சூடு காட்டுறாங்க, கொஞ்ச நாள் ஓடி திரும்ப சாகும், நடுவுல மத்த பார்ட்ஸையும் சமைச்சு விட்டுடும். பிஎஸ்2-க்கு அந்த வைத்தியம் தேவையே இல்ல, யாராச்சும் சூடு காட்டலாம்னு சொன்னா கன்சோல திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க.

கடைல குடுக்குறதா இருந்தா நீங்க எழுதுன பேப்பரையும் குடுங்க, சிவப்பு இருக்கா, எத்தன நிமிஷத்துல போகுது, அடாப்டர் அளவு என்னன்னு. நல்ல மெக்கானிக்கா இருந்தா அத வாங்கி படிப்பாரு. எந்த பார்ட்ஸ மாத்துனாலும் பழசையும் திரும்ப கேட்டு வாங்கிக்கோங்க, வெட்டுன அடாப்டர் முனை உட்பட.

எல்லாம் சரி பண்ணதும் ஸ்க்ரூ அத்தனையும் போட்டு மூடிட்டு, மெமரி கார்டு போடாம ஒரு மணி நேரம் கேம ஓட விடுங்க, பின்னாடி கைய வெச்சு காத்து வருதான்னு பாருங்க, ஃபேட்டா இருந்தா ஒரு தடவ மெயின் சுவிட்ச அணைச்சு போட்டு பாருங்க. அப்புறமாத்தான் கார்டு. தம்பியோட ஸ்லிம்ம ரெண்டு நாள் எங்க வீட்டுல ஓட விட்டுட்டு, அடாப்டர் மேல வெள்ளை டேப் ஒட்டி 8.5-னு பெருசா எழுதி, வானம் இருட்டுனா பிளக்க மட்டும் இல்ல, டிவிக்கு பின்னாடி இருக்குற கேபிள் வயரையும் சேத்து உருவிடணும்னு சித்திகிட்ட ஃபோன்ல சொல்லிட்டுதான் அவன பஸ் ஏத்தி விட்டேன்.